பதற்றம், துக்கம்: பெட் பக்கத்துல நிக்கிற செவிலியர் என்ன பேசலாம், எங்க நிறுத்தணும்?

கேள்வி (மூன்றாமாண்டு மாணவி)

பி.எஸ்சி. நர்சிங் மூன்றாம் ஆண்டு. தெரப்யூட்டிக் கம்யூனிகேஷன் (நோயாளிக்கு ஆறுதலா, பயன்படற மாதிரி பேசற முறை) பாடத்துல படிச்சது எதுவும் நோயாளி முன்னாடி வாயில வரமாட்டேங்குது. மூணு சந்தேகம்.

ஆபரேஷனுக்கு முந்தின ராத்திரி மூச்சு வாங்கி, விரல் மரத்துப்போய், "செத்துடுவேன் போல இருக்கு சிஸ்டர்"னு சொல்றவங்ககிட்ட முதல்ல என்ன சொல்றது? ஐசியூல ஒருத்தர் இறந்ததும், குடும்பம் துக்கத்தோட ஐந்து நிலைல (மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு) எதுல இருக்குன்னு கேர் ப்ளான்ல எழுதச் சொல்றாங்க. ஒரே ஆள் பத்து நிமிஷத்துல கோபம், மறுப்பு, அழுகை எல்லாம் காட்டினா எதை எழுத? டிஸ்சார்ஜ் ஆகும்போது போன் நம்பர் கேட்டா எப்படி மறுக்கிறது?

பதில் 1 (நைட் டியூட்டி)

பேச்சுக்கு முன்னாடி விரல்ல பல்ஸ் ஆக்ஸிமீட்டர் மாட்டுங்க. நாடி, பி.பி., மூச்சு எண்ணிக்கை, சி.பி.ஜி. (விரல் நுனில குத்திப் பார்க்கிற சுகர்) எல்லாம் சில நிமிஷ வேலைதான். நெஞ்சுவலின்னா ஈ.சி.ஜி.யும் எடுத்து டாக்டரைக் கூப்பிடுங்க. லோ சுகர், மாரடைப்பு, நுரையீரல்ல ரத்தக்கட்டி, இது மூணுமே "பதற்றம்" மாதிரிதான் ஆரம்பிக்கும். இன்னொண்ணு: அட்மிட் ஆன இரண்டாம் மூன்றாம் நாள் கை நடுக்கம், வேர்வை, தூக்கமில்ல, சுவத்துல பூச்சி ஊருதுன்னா அது ஆபரேஷன் பயம் இல்ல. குடி திடீர்னு நின்னதோட விளைவா இருக்கலாம். கடைசியா குடிச்சதிலிருந்து 48–72 மணி நேரம்தான் டெலிரியத்துக்கு (புத்தி குழம்பிப்போற நிலை) ஆபத்தான நேரம். மனைவி முன்னாடி கேட்டா "பழக்கமே இல்ல"ன்னுதான் பதில் வரும், தனியா கேளுங்க.

இதெல்லாம் சரியா இருந்தா அப்புறம் பேச்சு. பதற்றத்தை நர்சிங் கோட்பாட்டாளர் ஹில்டகார்ட் பெப்லவ் நாலு அளவா பிரிச்சாங்க: லேசு, மிதம், கடுமை, பீதி. பரீட்சைக்கு மனப்பாடம் பண்ற இந்தப் பட்டியல்தான் எவ்வளவு பேசலாம்னு முடிவு பண்ணுது. லேசான பதற்றத்துல சொல்றது நல்லாவே மண்டைல ஏறும், ப்ரீ-ஆப் (ஆபரேஷனுக்கு முந்தைய) விளக்கம் கொடுக்க அதுதான் நேரம். மிதத்துல கவனம் சுருங்கும், ஆனா நாம திருப்பிவிட்டா வரும். கடுமைல ஏதாவது ஒரு சின்ன விஷயத்தைப் பிடிச்சுக்கிட்டு அதையே திரும்பத் திரும்பக் கேட்பாங்க. பீதில எதுவும் ஏறாது. அந்த நேரத்துல கன்சென்ட் ஃபார்மை நீட்டி "படிச்சுப் பார்த்து கையெழுத்து போடுங்க"ன்னா அது சம்மதமே இல்ல.

நீங்க சொன்ன நோயாளி கடுமைக்கும் பீதிக்கும் நடுவுல இருக்காங்க. மூணு நாலு வார்த்தைக்கு மேல போகாதீங்க. "நான் இங்கதான் இருக்கேன்." "என்னைப் பாருங்க." "மூச்சை மெதுவா வெளிய விடுங்க." "இழுங்க"ன்னு ஆரம்பிக்காதீங்க, ஏற்கெனவே வேகமா இழுக்கிறவங்க இன்னும் இழுப்பாங்க. முதல்ல வெளிய, அப்புறம் நாலு எண்ணி உள்ள, ஆறு எண்ணி வெளிய. கூடவே நீங்களும் பண்ணுங்க. டி.வி.யை அணைங்க, சுத்தி நிக்கிறவங்கள்ல ஒருத்தரை மட்டும் வெச்சுக்கிட்டு மத்தவங்களை வெளிய அனுப்புங்க. வேகமூச்சுல கார்பன் டை ஆக்ஸைடு குறைஞ்சு, ரத்தத்துல காரத்தன்மை கூடி, அயனி கால்சியம் (ரத்தத்துல தனியா இருக்கிற கால்சியம்) இறங்குது. உதட்டைச் சுத்தி மதமதப்பும் விரல் இழுக்கிறதும் அதனாலதான். தணிஞ்ச பிறகு இதை அவங்களுக்குப் புரியற மாதிரி சொல்லுங்க. பேப்பர் பையில மூச்சு விடச் சொல்ற பழக்கம் இன்னும் சில இடத்துல இருக்கு, வேண்டாம். காரணம் இதயமோ ஆஸ்துமாவோ இருந்தா ஆக்ஸிஜன் இன்னும் இறங்கிடும்.

"ஒண்ணும் ஆகாது, பயப்படாதீங்க"ன்னு சொல்ற வாக்கியத்தை விட்டுடுங்க. நமக்கே தெரியாத ஒண்ணுக்கு உத்தரவாதம் தர்றோம். அதைவிட, இந்த சிஸ்டர்கிட்ட மேற்கொண்டு பேச முடியாதுன்னு நோயாளி முடிவு பண்ணிடுறாங்க. "ஏன் பயப்படுறீங்க?"ன்னு கேட்டா விசாரணை மாதிரி ஆயிடும். "எதை நினைச்சா ரொம்பப் பயமா இருக்கு?"ன்னு கேட்டா பதில் அனேகமா குறிப்பா வரும்: முதுகுல ஊசி போட்டா ஆயுசுக்கும் முதுகுவலி வருமாமே, பாதில முழிச்சுட்டா என்ன பண்றது, வீட்டுல பிள்ளையை யார் பார்ப்பாங்க. முதல் ரெண்டையும் கேஸ் ஷீட்டுல எழுதி, அனஸ்தெட்டிஸ்ட் வரும்போது சொல்லுங்க. மூணாவதுக்கு அப்பவே வீட்டுக்கு ஒரு போன் போட்டுப் பேசவைக்கலாம்.

பதில் 2 (பாலியேட்டிவ் கேர், அதாவது வலி-வேதனை தணிப்புப் பராமரிப்பு)

ஐந்து நிலை பத்தி மட்டும் சொல்றேன். கூப்ளர்-ராஸ்ங்கிற மனநல டாக்டர் 1969இல் அதை எழுதினது சாகப்போற நோயாளிகளைப் பேட்டி எடுத்து. உறவை இழந்தவங்களுக்கு அதைப் பின்னாடிதான் நீட்டினாங்க. ஏணிப்படி மாதிரி ஒண்ணுக்கு மேல ஒண்ணா வராது. துக்க ஆய்வாளர்கள் ஸ்ட்ரோபி, ஷுட் ரெண்டு பேரும் 1999இல் சொன்ன மாதிரி, இழப்புல மூழ்குறதும் அன்றாட வேலைக்குத் திரும்புறதும் மாறி மாறி நடக்கும். அழுதுட்டே இருக்கிற அம்மா நடுவுல "ஆம்புலன்சுக்கு எவ்வளவு ஆகும்"னு கேட்டா கல்நெஞ்சுன்னு நினைக்கக் கூடாது. கேர் ப்ளான்ல நிலையோட பேரை எழுதாம பார்த்ததை எழுதுங்க: "டாக்டர் சொன்ன பிறகும் 'வென்டிலேட்டரை ஏன் எடுத்தீங்க'ன்னு மூன்று முறை கேட்டார்; தண்ணீர் மறுத்தார்; தம்பி உடன் இருக்கிறார்." அடுத்த ஷிஃப்டுக்கு இது பயன்படும், "மறுப்பு நிலை"ங்கிற ரெண்டு வார்த்தை பயன்படாது.

சேதி சொல்லும்போது "இறந்துட்டார்"ங்கிற சொல் வந்தே ஆகணும். "போயிட்டார்"னு சொன்னா, "எங்க? வேற ஆஸ்பத்திரிக்கா அனுப்பிட்டீங்க?"ன்னு கேட்கிறவங்க உண்டு. டாக்டர் சொன்னதும் அவரோட நாமளும் கிளம்பிடக் கூடாது. நாற்காலி போட்டு உட்கார வெச்சு, பேசாம கூட இருங்க. "கடவுள் சித்தம்", "வயசாயிடுச்சுல்ல", "நீங்கதான் பிள்ளைங்களுக்காகத் தைரியமா இருக்கணும்" எல்லாம் உறவுக்காரங்க எப்படியும் சொல்லுவாங்க, நாமளும் சொல்லத் தேவையில்ல. குழந்தை இருந்தா "தூங்குறாங்க"ன்னு சொல்லவேண்டாம்னு பெரியவங்ககிட்ட சொல்லுங்க. அப்புறம் அந்தக் குழந்தை தூங்கவே பயப்படும்.

உடலைக் காட்டறதுக்கு முன்னாடி கண்ணை மூடி, பல்செட் இருந்தா மாட்டி, தலைக்கு ஒரு தலையணை வெச்சு (முகத்துல ரத்தம் தேங்கி நிறம் மாறாம இருக்கும்), சுத்தம் செஞ்சு கழுத்துவரை போர்த்துங்க. எம்.எல்.சி. (போலீஸ் விசாரணைக்கு உட்பட்ட) கேஸ்னா டியூப், லைன் எதையும் கழட்டக் கூடாது. அது ஏன் அப்படியே இருக்குன்னு குடும்பத்துக்கு முன்கூட்டியே சொல்லிடுங்க. தாலி, மெட்டியை நாமா கழட்டாம குடும்பத்தைக் கேட்டு, கழட்டினா ரிஜிஸ்டர்ல கையெழுத்து வாங்கிக் கொடுங்க.

மூன்றாமாண்டு மாணவி

நன்றிங்க. சத்தமா மாரடிச்சு அழுதா பக்கத்து பெட் நோயாளிங்க பயப்படுறாங்களே? தூக்க ஊசி போடச் சொல்றாங்க சிலர்.

பதில் 2 (பாலியேட்டிவ் கேர்)

மாரடிச்சு ஒப்பாரி வைக்கிறது நம்ம ஊர்ல துக்கத்தோட முறை, நோய் இல்ல. அடக்காம இடம் மாத்துங்க: கவுன்சலிங் ரூமோ ஸ்டோர் ரூமோ, கதவு இருந்தா போதும். தலையை சுவத்துல முட்டினா மட்டும் நடுவுல கையோ தலையணையோ வைங்க. மனநோய் எதுவும் இல்லாம இழப்புல இருக்கிறவங்களுக்கு பென்சோடையசெபின் (தூக்கம் வரவைக்கிற, பதற்றம் தணிக்கிற மருந்து) கொடுக்க வேண்டாம்னு உலக சுகாதார நிறுவனம் 2013லயே சொல்லியிருக்கு. நீடித்த துக்கம்னு நோயா கணக்கு எடுக்க, உலக சுகாதார நிறுவனத்தோட நோய்ப் பட்டியலான ஐசிடி-11படி குறைஞ்சது 6 மாசம், அமெரிக்க மனநோய்க் கையேடான டிஎஸ்எம்-5-டிஆர்படி பெரியவங்களுக்கு 12 மாசம் ஆகியிருக்கணும். பதினாறாம் நாள் காரியம்கூட முடியாத ஆளுக்கு டிப்ரஷன்னு எழுதி வைக்கிறவங்களைப் பார்த்தாதான் எரிச்சல்.

பதில் 3 (டீச்சிங் சைடு)

போன் நம்பர் சிக்கல் டிஸ்சார்ஜ் அன்னைக்கு ஆரம்பிக்கிறதில்ல. செவிலியர்-நோயாளி உறவு முடியற தேதியை முதல் நாளே சொல்லாததுதான் காரணம். "அம்மா, என் பேர் இது. வெள்ளிக்கிழமை வரைக்கும் இந்த வார்டுல இருப்பேன், தினமும் பதினோரு மணிக்கு இருபது நிமிஷம் வந்து பேசறேன்"னு தொடங்கினா கடைசி நாள் அதிர்ச்சியா இருக்காது. வியாழக்கிழமை இன்னொரு தடவை நினைவுபடுத்துங்க. அதுக்கப்புறம் சிலர் முகம் கொடுத்துப் பேசமாட்டாங்க, சிலருக்குத் திடீர்னு பழைய வலியெல்லாம் திரும்பும். பிரிவு நெருங்கும்போது அப்படித்தான். நம்பர் கேட்டா "என் நம்பர் தர்றதில்லம்மா, ஓ.பி. நாள் எழுதித் தர்றேன், ராத்திரில மனசு தாங்கலன்னா அரசோட மனநல உதவி எண் டெலி-மானஸ் 14416க்குப் பேசுங்க"ன்னு மாற்று வழியோட மறுங்க. அம்மா, ஐயான்னு கூப்பிடறதுல தப்பே இல்ல. ஒரு நோயாளிக்கு மட்டும் வீட்டுச் சாப்பாடு, ட்யூட்டி முடிஞ்சும் அங்கயே நிக்கிறது, மத்த சிஸ்டர்களுக்குச் சொல்லாத ரகசியம்னு போனா எல்லை தாண்டிட்டீங்கன்னு அர்த்தம்.

தோளைத் தொடறதை மேல யாரும் சொல்லலை. பீதில இருக்கிறவங்களையும், சந்தேக எண்ணம் உள்ளவங்களையும் கேட்காம தொடாதீங்க. கதவை மறைச்சும் நிக்காதீங்க.

ரகசியம்னதும் ஞாபகம் வருது: "யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க சிஸ்டர்"னு கேட்டா பண்ணக் கூடாது. "உங்க உயிருக்கு ஆபத்துன்னா டாக்டர்கிட்ட சொல்லியாகணும், மத்ததை இந்த டீமைத் தாண்டி விடமாட்டேன்"னு முதல் சந்திப்புலயே சொல்லிடணும். துக்கத்துல "நானும் அவர்கூடயே போயிடறேன்"னு வந்தா பேச்சை மாத்தாம "சாகணும்னு நினைக்கிறீங்களா? எப்படின்னு யோசிச்சீங்களா?"ன்னு நேராவே கேளுங்க, கேட்டதால அந்த எண்ணம் புதுசா வந்துடாது. ஆமான்னா தனியா விடாதீங்க, மாத்திரை, பிளேடு, துப்பட்டா கைக்கு எட்டாம பார்த்துக்கிட்டு, இன்னொருத்தரை விட்டு டியூட்டி டாக்டரைக் கூப்பிடுங்க. அவங்க சொன்ன வார்த்தையை அப்படியே நேரத்தோட எழுதி, ஷிஃப்ட் மாறும்போது வாயாலயும் சொல்லுங்க.