சேடில் அடிவரை இறக்கியும் ஆக்‌ஷன் குறையல

கேள்வி: போல்ட்-ஆன் நெக் (ஸ்க்ரூ போட்டு பாடியோடு மாட்டின கழுத்து) கிட்டார். ஆறு சேடிலும் (பிரிட்ஜில் கம்பியைத் தாங்கும் சின்னத் துண்டுகள்) அடியில உட்கார்ந்தாச்சு. ஆனாலும் ஆக்‌ஷன் (ஃப்ரெட்டுக்கு மேல கம்பி நிக்கிற உயரம்) கூடுதல்: 12-வது ஃப்ரெட்டில் (நெக்கில் பதிச்ச உலோகப் பட்டை) தடித்த ஈ கம்பி 2.8 மி.மீ. உயரத்துல நிக்குது. ட்ரஸ் ராடை (நெக்குக்குள்ள ஓடும் உலோகத் தண்டு) இறுக்கலாமா?

பதில்: ஆக்‌ஷனைக் குறைக்க ட்ரஸ் ராடைத் தொடாதீங்க, அது நெக் வளைவுக்கு மட்டும்தான். ட்யூன் பண்ணி, முதல் ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பியையும் அழுத்திப் பிடிக்கும் கிளிப்) மாட்டி, நெக் பாடியோடு சேரும் இடத்துல கம்பியை அழுத்துங்க. 7-வது ஃப்ரெட்டுக்கு மேல 0.2–0.25 மி.மீ. இடைவெளி இருந்தா வளைவு சரி. கூடுதலா இருந்தா கால் சுற்று இறுக்கி, திரும்ப ட்யூன் பண்ணி அளங்க. வளைவு சரின்னா கோளாறு நெக் கோணத்துல. ஷிம் (நெக்குக்கு அடியில வைக்கும் மெல்லிய துண்டு) வைக்கணும்.

கேட்டவர்: பாக்கெட்டில் (பாடியில் நெக் உட்காரும் குழி) எந்தப் பக்கம்?

பதில்: பிரிட்ஜ் பக்க ஓரம். மாத்தி வச்சா ஆக்‌ஷன் இன்னும் ஏறும்! 0.25 மி.மீ. கனமே நல்லா வித்தியாசம் காட்டும். அதுக்கப்புறம் சேடிலைக் கொஞ்சம் தூக்க வேண்டிவரும், இன்டொனேஷனையும் (எல்லா ஃப்ரெட்டிலும் சுருதி சரியா இருக்கான்னு) பாத்துக்கோங்க.

இன்னொருவர்: அட்டைத் துண்டைவிட பாக்கெட் முழுக்க உட்காரும் சரிவான மர ஷிம் மேல். துண்டு வச்சா நடுவுல இடைவெளி விழும், நாளடைவில் கடைசி ஃப்ரெட்டுகள் மேலே எழும்பலாம். ஸ்க்ரூ மாட்டும்போது முதல்ல இடப்பக்கம் திருப்புங்க. பழைய மரையில் 'டக்'னு இறங்கினதும் கையால இறுக்குங்க. ட்ரில் வேண்டவே வேண்டாம்.