எந்த உணர்ச்சிக்கு வலு அதிகம்? (பட்டிமன்றத் தீர்ப்பு வேண்டாம்)

வைகைக்கரை:

இந்தக் கேள்வியை எங்கே போட்டாலும் பாதிப் பேர் அன்பு என்கிறார்கள், மீதிப் பேர் கோபம் என்கிறார்கள், கடைசியில் நடுவர் மாதிரி ஒருவர் வந்து ‘இரண்டுமே’ என்று மணியடித்துவிடுகிறார். அது வேண்டாம். மூன்றே அளவுகோல்: உடம்பை முதலில் பிடிப்பது எது? பிடித்தால் சீக்கிரம் விடாதது எது? புத்தி சொல்லியும் கேட்காதது எது?

கூடவே ஒரு நடைமுறைச் சந்தேகம். ஊசியையோ ரத்தத்தையோ பார்த்தால் மயங்கி விழுகிறவர்களிடம் ‘மூச்சை நல்லா இழுத்து விடுங்க, ரிலாக்ஸா இருங்க’ என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். அப்படியே செய்தும் விழுகிறார்களே, ஏன்?

மணல்கடிகை:

மூன்றிலும் என் ஓட்டு பயத்துக்குத்தான்.

வேகத்தை முதலில் பார்ப்போம். கண்ணும் காதும் அனுப்பும் சேதி மூளை நடுவில் இருக்கும் தலாமஸுக்கு வந்து இரண்டாகப் பிரிகிறது. ஒன்று மூளையின் மேலடுக்கான புறணிக்குப் போய் ‘இது என்ன’ என்று நிதானமாக அலசப்படுகிறது. இன்னொன்று குறுக்குச் சந்து வழியே நேராக அமிக்டலாவுக்கு, அதாவது மூளைக்குள் ஆபத்தை மோப்பம் பிடிக்கும் சின்னப் பகுதிக்குப் போகிறது. கிடப்பது கயிறா பாம்பா என்று தெரிவதற்குள் கால் பின்னால் வந்துவிடுவது இந்தச் சந்தால்தான். எலிகளில் இதை விளக்கிக் காட்டிய நரம்பியல் அறிஞர் ஜோசப் லெடூவே பிற்பாடு, அமிக்டலாவைப் ‘பய மையம்’ என்று சொல்லாதீர்கள் என்று வாதாடினார். அது கிளப்புவது உடம்பின் தற்காப்பை மட்டும். ‘எனக்குப் பயமாயிருக்கு’ என்று உணர்வது மேல் மாடியில் நடக்கும் வேலை என்பது அவர் கட்சி.

எஸ்.எம். என்ற எழுத்துகளால் மட்டும் அறியப்படும் ஓர் அமெரிக்கப் பெண்ணுக்கு, உர்பாக்-வீத்தே என்ற அரிய மரபு நோயால் இரண்டு பக்க அமிக்டலாவும் சிதைந்துவிட்டன. பாம்பைக் கையில் வாங்கித் தடவிப் பார்த்தவர் அவர். ஆனால் 2013-இல் வெளியான ஆய்வில், 35 சதவீதம் கார்பன்-டை-ஆக்ஸைடு கலந்த காற்றை ஒரு மூச்சு இழுத்ததும் அவரும் பீதியில் துடித்துப்போனார். மூச்சு முட்டும் பயத்துக்கு அமிக்டலாகூடத் தேவைப்படவில்லை. அவ்வளவு ஆழத்தில் வேர் இருக்கிறது.

அடுத்தது, எவ்வளவு நேரம் விடாது என்பது. ரத்தத்தில் அட்ரினலின் இரண்டு மூன்று நிமிடத்திலேயே பாதியாகக் குறைந்துவிடும். இன்னொரு பதற்றச் சுரப்பான கார்ட்டிசால் அப்படியில்லை, அது உச்சத்துக்கு வரவே 20 முதல் 30 நிமிடம் ஆகும். லாரி உரசிப் போனபின் கை நடுக்கம் நின்றுவிட்டதே என்று உடனே வண்டியை எடுக்கக் கூடாது என்பது இதனால்தான். உடம்பு இன்னும் இறங்கவில்லை.

மூன்றாவதுதான் முக்கியம். பயம் ஒரே தடவையில் பாடம் படித்துக்கொள்ளும், அந்தப் பாடம் அழியாது. சிகிச்சையில் நடப்பது அழிப்பது இல்லை, பக்கத்திலேயே ‘இங்கே ஆபத்தில்லை’ என்று இன்னொரு பாடம் எழுதுவது. இடம் மாறினால் பழைய பாடம் தலைதூக்கும்.

செவ்வணு:

ஊசிக் கேள்விக்கு நான் வருகிறேன். ரத்த தான முகாம்களில் தினமும் பார்க்கிற விஷயம் இது.

சாதாரணப் பயத்தில் நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறும். ஏறின அழுத்தத்தில் மயக்கம் வருவது அபூர்வம். ரத்தம், ஊசி, காயம் சம்பந்தப்பட்ட பயம் மட்டும் பலருக்கு வேறு மாதிரி. முதலில் கொஞ்சம் ஏறும், அப்புறம் மூளையிலிருந்து இதயத்துக்கு இறங்கும் வேகஸ் நரம்பு குறுக்கே வந்து இதயத்தை மெதுவாக்கும், ரத்தக் குழாய்கள் விரியும், அழுத்தம் தடாலென்று இறங்கும். மூளைக்கு ரத்தம் போதாமல் ஆள் சாய்கிறார். இறங்குகிற அழுத்தத்தை வைத்துக்கொண்டு ‘ரிலாக்ஸ் ஆகுங்க’ என்றால் இன்னும் கீழேதான் போகும். வேகவேகமாக ‘நல்ல மூச்சு’ இழுத்தால் இன்னும் மோசம்: கார்பன்-டை-ஆக்ஸைடு குறைந்து மூளை ரத்தக் குழாய்கள் சுருங்கும், விரல் நுனி மரத்துப்போகும், தலை சுற்றும்.

இவர்களுக்கு வேண்டியது தளர்வு இல்லை, இறுக்கம். ஸ்வீடன் உளவியலாளர் லார்ஸ்-யோரன் ஓஸ்ட் 1980-களில் வகுத்துத் தந்த முறை:

கை, வயிறு, தொடைத் தசைகளை 10 முதல் 15 விநாடி இறுக்கிப் பிடியுங்கள். முகத்தில் சூடு ஏறுவது தெரிய வேண்டும், அதுதான் அளவு. பிறகு 20 முதல் 30 விநாடி விடுங்கள். தொளதொளவென்று இல்லை, சாதாரணமாக உட்கார்ந்திருக்கும் நிலைக்கு. இப்படி 5 முறை. ஊசி போடும் நாளில் புதிதாக முயற்சி செய்தால் வராது. ஒரு வாரமாவது வீட்டில் தினமும் பழகிவிட்டு வர வேண்டும்.

எங்கே தப்பு நடக்கிறது என்றால், முக்கால்வாசிப் பேர் இறுக்கும்போது மூச்சையும் பிடித்துக்கொள்கிறார்கள். முக்குவது மாதிரி ஆகி, இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைந்து, செய்ததெல்லாம் வீண். பேசிக்கொண்டே இறுக்கச் சொல்லுங்கள், மூச்சு தானாக ஓடும். இரண்டாவது, ஊசி ஏறும் கையையும் சேர்த்து இறுக்குவது. வலிக்கும், அந்தக் கை மட்டும் தளர்வாக இருக்கட்டும். மூன்றாவது, ‘முடிஞ்சுது’ என்றதும் துள்ளி எழுந்திருப்பது.

கொட்டாவி, உதடு வெளுப்பு, நெற்றியில் குளிர்ந்த வியர்வை, காது அடைப்பது, இதில் ஒன்று வந்தாலே உடனே படுக்க வைத்துக் காலைத் தூக்கி வையுங்கள். நாற்காலியில் நிமிர்த்தி உட்கார வைத்து வாயில் சோடா ஊற்றுவது நம் ஊர்ப் பழக்கம். இரண்டுமே தப்பு. ரத்தம் கொடுக்கிறவர்கள் அதற்குச் சற்று முன்பாக அரை லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டால் மயக்கம் குறைகிறது.

பிபி அதிகம் உள்ளவர்கள், இதய நோயாளிகள், கர்ப்பிணிகள் டாக்டரிடம் கேட்காமல் இந்த இறுக்கும் பயிற்சியைச் செய்யாதீர்கள். படுக்க வைத்தும் ஒரு நிமிடத்தில் தெளியவில்லை, அல்லது நெஞ்சு வலி என்கிறார் என்றால் யோசிக்காமல் 108.

ஏட்டுச்சுவடி:

மூளைக்காரர்கள் பேசியாயிற்று, இலக்கணக்காரனுக்கும் ஒரு நிமிடம் கொடுங்கள்.

தொல்காப்பியத்து மெய்ப்பாட்டியல் எட்டு உணர்ச்சிகளைச் சொல்கிறது: நகை, அழுகை, இளிவரல் (இழிவுணர்வு), மருட்கை (வியப்பு), அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. அச்சம் ஐந்தாவதாக நிற்கிறது, தலைமை இடம் கிடையாது. ஒவ்வொன்றும் எதிலிருந்து பிறக்கும் என்று நான்கு நான்காகக் கணக்கும் உண்டு. அச்சத்துக்கு அணங்கு (பேய், தெய்வம் போன்றவை), விலங்கு, கள்வர், இறை. இறை என்றால் இங்கே அதிகாரம் கையில் உள்ளவர் என்று கொள்ளலாம்.

ஆனால் அழுகையின் நான்கைப் பாருங்கள்: இளிவு (அவமானம்), இழவு (சாவு போன்ற இழப்பு), அசைவு (நிலை தாழ்தல்), வறுமை. சாவுக்கு முன்னால் அவமானம் நிற்கிறது! யாப்புக்காக வைத்த வரிசையாகவும் இருக்கலாம், அதில் ரொம்பத் தொங்க மாட்டேன். இருந்தாலும் மணல்கடிகை சாரிடம் கேட்கிறேன்: பயந்தவன் கத்துவான், ஓடுவான், ஊரைக் கூட்டுவான். அவமானப்பட்டவன் வாயைத் திறக்க மாட்டான். எது வலியது?

மணல்கடிகை:

நல்ல அடி, ஐயா. வேகத்தில் பயம், வாயை அடைப்பதில் அவமானம். இரண்டையும் சேர்த்துக் கட்டினால் என்ன ஆகும் என்பதற்கு உங்கள் நான்கிலேயே உதாரணம் இருக்கிறது. கள்வர் இறை வேடம் கட்டி வருவதுதான் ‘டிஜிட்டல் அரெஸ்ட்’. போலீஸ் உடுப்பில் வீடியோ காலில் வந்து, உங்கள் பெயரில் பார்சலில் போதைப்பொருள் சிக்கியது என்பார்கள். முதல் அடி பயம். ‘வீட்டில் யாரிடமும் சொல்லக் கூடாது’ என்பது இரண்டாவது. பணம் போனபின் வெளியே சொல்லவிடாமல் தடுப்பது அவமானம்.

அவர்கள் அழைப்பைத் துண்டிக்கவே விடாததற்குக் காரணம் உண்டு. பயம் இறங்க இடைவெளி வேண்டும், அதைக் கொடுக்க மாட்டார்கள். ஆகவே அங்கே வாதாடாதீர்கள். போனை வை, அறையை விட்டு வெளியே வா, யாரிடமாவது நடந்ததை வாய்விட்டுச் சொல். இந்த வரிசை போதும். வீடியோ காலில் கைது செய்ய இந்தியச் சட்டத்தில் இடமே இல்லை. சரிபார்க்க அவர்கள் கொடுத்த எண்ணுக்கே திரும்ப அடிப்பதுதான் படித்தவர்கள் செய்யும் தவறு. பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு இரவு முழுக்க யோசிக்காமல் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930. தொகை, நேரம், பரிவர்த்தனை எண் மூன்றும் கையில் இருக்கட்டும். பணம் கணக்கு கணக்காகத் தாவிக்கொண்டே இருக்கும், தாமதித்தால் முடக்க எதுவும் மிஞ்சாது.

வைகைக்கரை:

‘அழியாத பாடம்’ என்றீர்களே. அப்படியானால் லிஃப்ட் பயம் உள்ளவர் காலம் முழுக்கப் படிக்கட்டுதானா? அப்புறம், கோபத்தை யாருமே தொடவில்லையே.

மணல்கடிகை:

படிக்கட்டு வேண்டாம், படிகள் வேண்டும். லிஃப்ட் சம்பந்தமாக எட்டுப் பத்துச் சூழல்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் பயம் எவ்வளவு என்று 0 முதல் 100 வரை மதிப்பெண் போடுங்கள். திறந்த லிஃப்ட் வாசலில் நிற்பது 30, கதவு மூடி ஒரு மாடி போவது 50, தனியாக எட்டு மாடி 85 என்கிற மாதிரி. 30, 40-இல் தொடங்குங்கள். ஏறுமுன் ‘என்ன ஆகும்னு நினைக்கிறேன்’ என்பதை ஒரு வரியில் எழுதிவைத்து, இறங்கியதும் நடந்ததை அதன் கீழே எழுதுங்கள். இரண்டு வரிக்கும் உள்ள வித்தியாசம்தான் புதுப் பாடம்.

உச்சப் பயத்தில் பாதியில் இறங்கி ஓடினால், தப்பித்த நிம்மதியே பயத்துக்குத் தீனி. உள்ளே நின்று போனையே பார்த்துக்கொண்டிருப்பது, கம்பியை இறுகப் பிடிப்பது, துணைக்கு ஆளில்லாமல் ஏறாதது எல்லாம் ஒளிந்து தப்பிக்கும் வழிகள். ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். பதற்ற மாத்திரை போட்டுக்கொண்டு ஏறினால் ‘மாத்திரைதான் காப்பாற்றியது’ என்று மூளை எழுதிக்கொள்ளும். ஒரே லிஃப்டில் ஐம்பது தடவை போவதைவிட ஐந்து கட்டிடங்களில் பத்துப் பத்துத் தடவை மேல். தானாகச் செய்ய முடியாத அளவு பயம் என்றால் 14416 என்ற டெலி-மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

கோபத்துக்கு ஒரே வரி: தலையணையைக் குத்தித் தீர்த்துக்கொள் என்பார்கள், தீராது. உளவியலாளர் பிராட் புஷ்மன் 2002-இல் சோதித்தபோது, கோபமூட்டியவரை நினைத்துக்கொண்டே குத்துப்பையைக் குத்தியவர்களுக்குக் கோபம் கூடியதே தவிரக் குறையவில்லை.

செவ்வணு:

இந்தப் படிமுறை ஊசிப் பயத்துக்கும் உண்டு, ஆனால் வரிசை முக்கியம். முதலில் இறுக்கும் பயிற்சி கைவர வேண்டும், அப்புறம்தான் சிரிஞ்ச் படம், மூடிய சிரிஞ்ச், மற்றவர் ஊசி போட்டுக்கொள்வதைப் பார்ப்பது என்று போக வேண்டும். மாற்றிச் செய்தால் முதல் படத்திலேயே விழுந்து, மண்டையில் தையல் போடும் நிலை வரும். பழகும்போது பக்கத்தில் பாய் விரித்து வைத்துக்கொள்ளுங்கள்.