கேஷ் வேனில் கிடந்த 12 போர் தோட்டா வெடிக்கவில்லை: கோளாறு தோட்டாவிலா, துப்பாக்கியிலா?

மன்னை கன்மேன்
வணக்கம். பட்டாளத்திலிருந்து வந்த பிறகு ஏடிஎம்முக்குப் பணம் ஏற்றும் வேனில் கன்மேனாக இருக்கிறேன். மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் ரூட். கையில் 12 போர் டபுள் பேரல், அதாவது இரட்டைக்குழல் துப்பாக்கி. போன வாரம் டெஸ்ட் ஃபயரில் வலது பேரல் ‘டக்’ என்றது, அவ்வளவுதான். இடது பேரலில் பழுதில்லை.

உபரித் தோட்டாக்கள் டேஷ்போர்டு பெட்டியில், பாலிதீன் பையில் முடிச்சுப் போட்டுக் கிடக்கும். பிரித்துப் பார்த்தால் பித்தளைப் பகுதியில் பச்சைக் களிம்பு. ஒன்றிரண்டு சேம்பரில் (குழலில் தோட்டா உட்காரும் இடம்) முழுசாக இறங்காமல் விளிம்பு வெளியே நிற்கிறது. வெயிலில் வெடிமருந்து செத்துப்போச்சு என்கிறார் கூட வருகிறவர். டிரைவரோ, தானாக வெடித்துவிடும் என்று அந்தப் பெட்டிப் பக்கம் கையே நீட்ட மாட்டேன் என்கிறார். தோட்டாவை மாற்றினால் போதுமா?

பழைய ஆர்மரர்
மாற்றத்தான் வேண்டும். ஆனால் அதோடு முடியுமா என்பது தோட்டாவின் அடியில், ஊசி அடித்ததும் பற்றவைக்கும் கேப்பைப் பார்த்தால்தான் தெரியும். வெடிக்காத தோட்டாவின் கேப்பில் ஊசி விழுந்த குழி எப்படி இருக்கிறது? இடது பேரலில் வெடித்த தோட்டாவின் வெறும் கூட்டைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குழி ஆழமாக இருந்தும் வெடிக்கவில்லை என்றால் கேப் செத்துவிட்டது, தோட்டாவின் குற்றம். மேலோட்டமாக இருந்தால் ஊசி சரியாக அடிக்கவில்லை, துப்பாக்கியின் குற்றம். அதே தோட்டாவை மறுபடி போட்டு அடித்துப் பார்க்க வேண்டாம்.

இன்னொன்று, ‘டக்’ என்றதும் உடனே மடக்கித் திறந்தீர்களா? தாமதமாக வெடிக்கிற தோட்டாவும் உண்டு. குழலை ஆளில்லாத பக்கம் நீட்டியபடி குறைந்தது 30 விநாடி பொறுக்க வேண்டும்.

டிரைவரிடம் சொல்லுங்கள், வெயிலுக்குத் தோட்டா வெடிக்காது. உள்ளே இருக்கும் புகையில்லா மருந்து தானாகப் பற்ற 150 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். நிறுத்திவைத்த வண்டியில் டேஷ்போர்டு சித்திரை வெயிலுக்கு 70 டிகிரி வரை போகும், அவ்வளவுதான். ஆனால் மாதக்கணக்கில் அந்தச் சூட்டில் கிடந்தால் மருந்து சீக்கிரம் கெடும். சூடேறிய தோட்டாவை உடனே சுட்டால் அழுத்தமும் கூடும்.

வெயிலைவிட உங்கள் ரூட்டில் எனக்குப் பயம் ஈரம்தான். காலையில் ஈரக்காற்றோடு பையைக் கட்டுகிறீர்கள், பகலில் வேகிறது, ஏசி போட்டால் குளிர்கிறது. பைக்குள்ளேயே நீர் கோக்கிறது. களிம்பு வேறு எங்கிருந்து வரும்? ரப்பர் விளிம்பு வைத்த டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு, சீட்டுக்கு அடியில் நிழலில் வையுங்கள். ஜெல்லை அவ்வப்போது மாற்ற வேண்டும், போட்டதோடு மறந்துவிடக் கூடாது. டியூட்டி முடிந்ததும் தோட்டாவும் வண்டியை விட்டு இறங்கட்டும்.

கோடியக்கரை
உப்பளக் காற்றைச் சும்மா நினைக்காதீர்கள். என் அனுபவத்தில் முதல் எதிரி ரெக்சின் உறைதான். உள்ளே தைத்திருக்கும் கம்பளித்துணி ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். எடுத்துப்போக மட்டும் உறை. வீட்டுக்கு வந்ததும் வெளியே எடுத்து, புல்த்ரூ (குழலுக்குள் துடைக்கும் கயிறு) இழுத்து, எண்ணெய்த் துணியால் துடைத்துப் பூட்டி வையுங்கள். குழலுக்குள் வெளிச்சம் பிடித்துப் பார்க்காமல் தோட்டா போடாதீர்கள். எங்கள் பக்கம் குளவி மண்கூடு கட்டிவிடும். அது தெரியாமல் சுட்டால் பேரல் கிழியும்.

மன்னை கன்மேன்
பொறுத்துத்தான் திறந்தேன் அண்ணே. குழி மேலோட்டமாகத்தான் இருக்கிறது, நகம் பட்ட மாதிரி. தேர்தலுக்கு ஒப்படைத்துத் திரும்பி வாங்கியதிலிருந்து ஊசித் துளை வழியாகத் தையல் மிஷின் எண்ணெய் விட்டுவருகிறேன்.

பழைய ஆர்மரர்
அப்படியானால் ஊசியை அடிக்க வைக்கும் பொறியான லாக்கைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பழைய எண்ணெய் தூசியோடு சேர்ந்து பிசினாகி ஊசியைப் பிடித்திருக்கும், அல்லது ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். நீங்களே திருப்புளி போட வேண்டாம். பட்டறை திருப்புளி அந்த மெல்லிய திருகுத் தலையைக் கெடுத்துவிடும். லைசென்ஸ் உள்ள கன் ஹவுஸில் (துப்பாக்கிக் கடையில்) கழற்றிக் கழுவச் சொல்லுங்கள். இனி மெல்லிய எண்ணெய், அதுவும் ஒரு சொட்டு. தோட்டாவுக்கு எண்ணெய் கூடவே கூடாது. களிம்பைத் துடைக்கிறேன் என்று ஸ்ப்ரே அடிக்கிறவர்கள் உண்டு, அது கேப்புக்குள் இறங்கி நல்ல தோட்டாவையும் கொன்றுவிடும்.

கேஷ் வேனுக்கென்று 2018-இல் மத்திய உள்துறை கொண்டுவந்த விதிகளிலேயே 2 வருஷத்துக்கு ஒருமுறை தோட்டாவை மாற்றச் சொல்லியிருக்கிறது. ஏஜென்சியிடம் எழுத்தில் கேளுங்கள். வாயால் கேட்டால் அடுத்த மாதம் என்பார்கள்.

தென்னந்தோப்பு
நடுவில் ஒரு சந்தேகம். பட்டுக்கோட்டைப் பக்கம் தோப்பு, காட்டுப்பன்றித் தொல்லை. லைசென்ஸ் துப்பாக்கியைக் கார் டிக்கியிலேயே வைத்துவிடலாமா?

பழைய ஆர்மரர்
கூடாது. கார் போனால் துப்பாக்கியும் போச்சு, பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். சாவியை டிரைவரிடம் கொடுத்துவிட்டுப் போனாலும் வம்புதான், லைசென்ஸ் அவர் பெயரில் இல்லையே. மன்னையாரே, சாப்பாட்டு நேரத்தில் உங்களுக்கும் இதேதான். அப்புறம், லைசென்ஸ் இருப்பதால் மட்டும் பன்றியைச் சுட முடியாது. அது வனவிலங்குச் சட்டத்தில் வருகிறது. வனத்துறையிடம் மனு கொடுங்கள்.

மன்னை கன்மேன்
நன்றி அண்ணே. களிம்பு பிடித்ததையும் இறங்காததையும் என்ன செய்வது? டிரைவர் பாமணியாற்றில் போடச் சொல்கிறார்.

பழைய ஆர்மரர்
ஆற்றில் போட்டால் கணக்கு இடிக்கும். இறங்காததை அமுக்கித் திணிக்கவும் வேண்டாம். தனி டப்பாவில் ‘சுடக்கூடாது’ என்று எழுதி வைத்து, ரெஜிஸ்டரில் எண்ணிக்கையைக் குறித்து, துப்பாக்கியைச் சரிபார்க்கப் போகும்போதே டீலரிடம் காட்டுங்கள். அவர் வாங்கமாட்டேன் என்றால் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்து ஒப்படைத்து, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.