இங்கிலாந்தில் பிசியோதெரபிஸ்ட் பதிவுக்கு 1000 மணித்தியாலம் கட்டாயமா?

வெள்ளவத்தை வாசகன்:
"1000 மணித்தியால வார்டுப் பயிற்சி இல்லாதவருக்கு இங்கிலாந்தில் பதிவு கிடைக்காது, ஆகவே கொழும்பில் டிப்ளோமா முடித்தவர்கள் விண்ணப்பக் கட்டணத்தை வீணாக்க வேண்டாம்" என்று கொட்டாஞ்சேனையார் நேற்று அறிவித்திருக்கிறார். பதிவை வழங்குவது எச்சிபிசி என்னும் ஒழுங்குபடுத்தும் சபை. அதன் நியமங்களில் மணித்தியாலக் கணக்கே இல்லை. 1000 என்பது அந்நாட்டுப் பிசியோதெரபிஸ்டுகளின் தொழிற்சங்கம், தான் அங்கீகரிக்கும் பாடநெறிகளிடம் எதிர்பார்க்கும் அளவு. சங்கத்தில் சேராமலும் அங்கே தொழில் செய்யலாம். எச்சிபிசி பதிவில்லாமல் பிசியோதெரபிஸ்ட் என்ற பெயரைப் போட்டுக்கொள்வதுதான் குற்றம்.

கொட்டாஞ்சேனையான்:
சபை வேறு, சங்கம் வேறு என்பதை எனக்குக் கற்பிக்கத் தேவையில்லை, ஐயா. விண்ணப்பத்தை மதிப்பிடுபவர்கள் அதே தொழிலில் இருப்பவர்கள். தாங்கள் 1000 மணித்தியாலம் நின்று பெற்ற தகுதியை, அதற்குக் குறைவாக நின்ற நமக்கு அவர்கள் தூக்கிக் கொடுப்பார்களா? நான் தமிழ்நாட்டில் நான்கரை ஆண்டு படித்தவன். அதில் ஆறு மாதம் முழுநேரப் பயிற்சி. எனக்கு 1000 ஒரு பிரச்சினையே இல்லை. பிரச்சினை யாருக்கு என்பதை அவரவர் நெஞ்சு அறியும்.

தெஹிவளை நங்கை:
அவுஸ்திரேலியாவில் இந்த வழக்கே எழாது. அங்கே முதலில் எழுத்துப் பரீட்சை. பிறகு இதய சுவாசத் துறை, தசை எலும்புத் துறை, நரம்பியல் ஆகிய மூன்றிலும் நோயாளரைப் பரிசோதித்துச் சிகிச்சை செய்து காட்ட வேண்டும். எத்தனை மணித்தியாலம் படித்தீர்கள் என்பதைவிடக் கை என்ன செய்கிறது என்பதைத்தான் பார்க்கிறார்கள்.

கொட்டாஞ்சேனையான்:
தங்கச்சி, பேச்சு இங்கிலாந்தைப் பற்றியது.

வெள்ளவத்தை வாசகன்:
பேச்சு இங்கிலாந்தைப் பற்றியதுதான். அதனால்தான் கேட்கிறேன், 1000 என்ற எண் எச்சிபிசியின் எந்த ஆவணத்தில் இருக்கிறது? மதிப்பீட்டாளர் உங்கள் பாடநெறியில் எதைக் கற்பித்தார்கள், எந்தெந்தத் துறையில் நோயாளரைப் பார்த்தீர்கள் என்று ஆராய்ந்து, அதைச் சபையின் தகைமை நியமங்களோடு ஒப்பிடுகிறார். குறை தெரிந்தால், பட்டத்துக்குப் பிறகு நீங்கள் செய்த வேலையையும் எடைபோடுவார். தேசிய வைத்தியசாலையில் பக்கவாத நோயாளரை ஆண்டுக்கணக்காக எழுப்பி நடக்கவைத்த ஒருவரின் அனுபவம் அங்கே கணக்கில் சேரும். ஆங்கிலத் தேர்வில் ஐஈஎல்டிஎஸ் 7, எந்தப் பகுதியிலும் 6.5க்குக் குறையக் கூடாது என்று எண்ணைத் தெளிவாகவே எழுதிவைத்திருக்கிற சபை, பயிற்சிக்கும் ஓர் எண் வேண்டுமென்று நினைத்திருந்தால் அதையும் எழுதியிருக்காதா? கனடாவில் முன்பு தனித்தனியாக நடந்த எழுத்துப் பரீட்சையும் செய்முறைப் பரீட்சையும் ஒன்றே என்று இங்கே சாதித்தவரும் நீங்கள்தானே? அதற்கும் இன்றுவரை ஆதாரம் வரவில்லை.

மருதானை மைந்தன்:
இருவரும் கடல் கடந்தே பேசுகிறீர்கள். இங்கே இலங்கை மருத்துவ சபையின் பதிவேட்டில் பெயர் இல்லாமலே 'பிசியோ' என்று பலகை தொங்கவிட்டு, வெறும் மசாஜ் செய்பவர்களை யார் கேட்கிறார்கள்?

கொட்டாஞ்சேனையான்:
கனடாவை இழுத்தது தோல்வி பயத்தில். விண்ணப்பம் தயாரித்துக் கொடுக்கும் முகவர் ஒருவரே என்னிடம் 1000 என்று சொன்னார். பணம் வாங்கித் தொழில் செய்பவர் பொய் சொல்லுவாரா?

வெள்ளவத்தை வாசகன்:
பணம் வாங்குவதால்தான் சொல்லுவார். மணித்தியாலம் போதாது என்று பயமுறுத்தினால்தான் குறுகிய காலப் பயிற்சி ஒன்றை உங்கள் தலையில் கட்டலாம். மைந்தன் சொன்னதும் உண்மை, ஆனால் அதற்குத் தனி இழை தொடங்கட்டும். என் கேள்வியை மறுபடி கேட்கிறேன்: 1000 எங்கே எழுதப்பட்டிருக்கிறது?

கொட்டாஞ்சேனையான்:
எல்லாம் எழுதி வைத்துத்தான் நடக்கிறதா? பட்டதாரிக்கும் டிப்ளோமாக்காரருக்கும் உள்ள வித்தியாசத்தைக்கூட எங்கும் எழுதிவைக்கவில்லை. ஆனால் நேர்முகப் பரீட்சையில் அது தெரியத்தானே செய்கிறது.

தெஹிவளை நங்கை:
டிப்ளோமாக்காரர்களைப் பற்றி இன்னொரு சொல் வேண்டாம், அண்ணா. உங்கள் பட்டத்துக்கு முன்பே இந்த நகரத்தின் வார்டுகளை நடத்தியவர்கள் அவர்கள்.

வெள்ளவத்தை வாசகன்:
நேர்முகப் பரீட்சை வேலை தருபவருடையது, பதிவு சபையுடையது. ஆவணத்தின் பெயரையும் பக்கத்தையும் சொல்லுங்கள். அதுவரை ஒவ்வொரு நாளும் கேட்பேன்.

கொட்டாஞ்சேனையான்:
கேளுங்கள். 1000 இல்லாமல் விண்ணப்பித்துத் திரும்பி வருபவர்களுக்கு நீங்களே கட்டணத்தைக் கொடுங்கள்.