கலைஞர்களுக்கான வீடு: அவர்கள் கேட்டதும் நாங்கள் வரைந்ததும்

கலைஞர்கள் குறைந்த வாடகையில் குடியிருந்தபடியே தொழில் செய்வதற்கான அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றை வடிவமைத்த குழுவில் நானும் இருந்தேன். உயர்ந்த கூரையையும் பெரிய சன்னல்களையுமே எல்லோரும் கேட்பார்கள் என்று குழுவினர் பலர் எண்ணியிருந்தனர். நாங்கள் சந்தித்த சிற்பியோ முதலில் கதவின் அகலத்தைக் கேட்டார். மின்தூக்கிக்குள் நுழையாத சிலையை மேல்மாடியில் செதுக்கி என்ன பயன் என்றார். சாந்துக் கழிவு குழாயை அடைக்காமலிருக்கக் கழுவுதொட்டியின் அடியில் வண்டல் தங்கும் அமைப்பு வேண்டும் என்பதும் அவர் சொல்லித்தான் வரைபடத்தில் ஏறியது.

இசைக் கலைஞர்களோடுதான் நெடுநேரம் பேச நேர்ந்தது. காற்றில் பரவும் ஒலியைக் கனமான சுவர் ஓரளவு தடுக்கும்; ஆனால் கதவடியில் ஒரு விரல் இடைவெளி இருந்தாலே அந்தச் சுவருக்குச் செய்த செலவு பெரும்பாலும் வீண். தாளக் கருவிகளின் அதிர்வோ தரை வழியாகவே கீழ்வீட்டுக்கு இறங்கிவிடும். அதைத் தடுக்க அறைக்குள் இன்னோர் அறையைக் கட்டித் தரையையும் கட்டடத்தின் தளத்தை நேரடியாகத் தொடாதபடி, அதிர்வை விழுங்கும் மெத்தை போன்ற அடுக்கின் மேல் தனியே மிதக்கவிட வேண்டும். வீடுதோறும் அப்படிச் செய்தால் வாடகை எங்கேயோ போய்விடும் என்பதால், தரைத்தளத்தில் படிக்கட்டுக்கும் கிடங்குக்கும் இடையே சில பொதுப் பயிற்சி அறைகளை ஒதுக்கினோம். நடனக் கலைஞர்கள் கேட்ட, முழங்காலைக் காக்கும் மீள்தன்மையுள்ள மரத்தரையும் அங்கேயே அமைந்தது.

நியூயார்க்கில் பழைய பெல் ஆய்வகக் கட்டடங்களைக் கட்டடக் கலைஞர் ரிச்சர்ட் மெய்யர் மாற்றியமைக்க, 1970இல் கலைஞர்களுக்காகத் திறக்கப்பட்ட வெஸ்ட்பெத் குடியிருப்பின் வீடுகளில் பல, உட்சுவர்கள் குறைந்த திறந்த வெளிகளாகவே ஒப்படைக்கப்பட்டன. செலவைக் குறைக்கும் நல்ல வழிதான். ஆயினும் எண்ணெய் வண்ணத்தை இளக்கும் டர்பன்டைனின் ஆவியில் நாளெல்லாம் வேலை செய்யும் ஓவியர் அதே காற்றில் உறங்கவும் கூடாது என்பதால், படுக்கையறைக்கு மட்டுமாவது மூடக்கூடிய சுவரும் தனிச் சன்னலும் வேண்டும் என்று நான் வாதிட்டேன்.

வாடகைத் தகுதியை மாத வருமானத்தால் அளப்பதைப் பலரும் எதிர்த்தனர். ஒரு மாதம் கைநிறையவும் அடுத்த சில மாதங்கள் வெறுங்கையாகவும் இருப்பவர்களுக்குப் பல ஆண்டுகளின் சராசரியே பொருந்தும்.

கடைசியாகப் பேசிய கவிஞர் மேசையும் அமைதியும் போதும் என்றார். உயரக் கூரைக்கான வாடகையைத் தான் ஏன் சுமக்க வேண்டும் என்றும் கேட்டார். அந்தக் கேள்விக்குப் பிறகே, எழுத்தாளர்களுக்கெனச் சாதாரண உயரமும் குறைந்த வாடகையும் கொண்ட சிறிய வீடுகளைத் தனி வகையாகச் சேர்த்தோம்.