வெளியூர் போனால் தண்ணீரைத் தொடாத குதிரை: போட்டிக்கு என்னென்ன கட்டிக்கொண்டு போவது?

கோவை அப்பா:
வணக்கம். மகளுக்கு 14 வயது. இன்னும் மூன்று வாரத்தில் பெங்களூரில் தடை தாண்டும் போட்டி, 80 செ.மீ. பிரிவு. குதிரை மார்வாரிக் கலப்பு, 9 வயதுப் பெண் குதிரை, சுமார் 400 கிலோ. பெயர் மயிலி.

போன முறை நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். இரவு எட்டு மணிக்கு லாரியில் ஏற்றினோம், காலை ஆறு மணிக்கு இறக்கினோம். இறங்கியதிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை. வாளியை முகத்தருகே கொண்டுபோனால் தலையைத் தூக்கிக்கொள்ளும். மதியத்துக்கு மேல் முன்காலால் தரையைப் பறிக்க ஆரம்பித்தது, திரும்பித் திரும்பி விலாவைப் பார்த்தது, வயிற்றுவலியின் அடையாளம். சாணமும் போடவில்லை. டாக்டர் வந்து மூக்கு வழியாகக் குழாய் விட்டுத் தண்ணீர் ஏற்றினார். போட்டியில் இறங்காமலே திரும்பினோம். மகள் வழியெல்லாம் பேசவில்லை.

இந்த முறை எதையும் விட்டுவிடக் கூடாது என்று பட்டியல் போட்டால் நான்கு பக்கம் வருகிறது. அனுபவமுள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

தடைதாண்டி:
நான்கு பக்கத்தைக் கிழித்துப் போடுங்கள் சார். மூன்று பெட்டி போதும். ஒன்றில் சேணம், கடிவாளம், வயிற்றுவார், சேண விரிப்பு இரண்டு, அங்கவடி (கால் வைக்கும் வளையம்) வார் உபரியாக ஒரு ஜோடி. வார்களின் தையலை இன்றே இழுத்துப் பாருங்கள், அறுவதென்றால் போட்டியன்றுதான் அறும். இரண்டாவது பெட்டி குதிரைக்கு: பிரஷ், குளம்பு நோண்டி, தலைக்கயிறு இரண்டு செட், பஞ்சு, கட்டுத்துணி, அயோடின் மருந்து, தெர்மாமீட்டர். குதிரைக்கு ஆசனவாயில்தான் தெர்மாமீட்டர் வைப்பது, அதனால் அதில் நூலும் கிளிப்பும் கட்டி வாலில் மாட்டிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் வைக்கோலில் தேடுவீர்கள். மூன்றாவது பிள்ளைக்கு. வெள்ளைக் கால்சட்டைக்கு மேலே பழைய டிராக் பேன்ட் போட்டுவிடுங்கள், களத்துக்குள் நுழையும்போது கழற்றினால் போதும். ஹெல்மெட்டைக் கையிலேயே கொண்டுபோங்கள், பெட்டிக்கு அடியில் போட்டு நசுக்க வேண்டாம்.

லாடத்தைக் கடைசி நாளில் அடிக்காதீர்கள். ஒரு வாரம் முன்பே அடித்துவிட்டால், ஆணி உறுத்தினாலும் வீட்டிலேயே தெரிந்துவிடும்.

ஈரோடு கால்நடை மருத்துவர்:
முதலில் காகிதம். கிளாண்டர்ஸ் ரத்தப் பரிசோதனைச் சான்று கேட்பார்கள். அது மனிதருக்கும் தொற்றும் நோய், அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய பட்டியலில் இருக்கிறது. ஹிசாரில் உள்ள தேசிய குதிரையின ஆராய்ச்சி மையம் வரை மாதிரி போக வேண்டியிருந்தால் முடிவு வர நாளாகும். நாளைக்கே ரத்தம் எடுத்துவிடுங்கள். பயணத்துக்குத் தகுதிச் சான்றும் வேண்டும். டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்று பாருங்கள்.

இப்போது மூன்று கேள்வி. லாரி ஏற்றும் முன் என்ன தீனி கொடுத்தீர்கள்? வழியில் எத்தனை முறை நிறுத்தினீர்கள்? கயிற்றை எவ்வளவு நீளம் விட்டுக் கட்டினீர்கள்?

கோவை அப்பா:
தெம்பாக இருக்கட்டும் என்று வழக்கத்தைவிட இரண்டு மடங்கு கொள்ளும் தவிடும் வைத்தோம். டீ குடிக்க ஒரே ஒரு முறைதான் நிறுத்தினோம். கயிறு குட்டையாகத்தான் கட்டியிருந்தது, கடித்துக்கொண்டே வரும் என்று.

ஈரோடு கால்நடை மருத்துவர்:
மூன்றும் தவறு, கோபித்துக்கொள்ளாதீர்கள். பயணத்துக்கு முன் தானியத்தைக் கூட்டக் கூடாது, குறைக்க வேண்டும். புல் எப்போதும் முன்னால் இருக்கட்டும், அதையும் நனைத்துப் போடுங்கள். குதிரை தலையைத் தாழ்த்தித்தான் மூச்சுக்குழாயில் சேரும் சளியையும் தூசியையும் வெளியேற்றும். பத்து மணி நேரம் தலையைத் தூக்கிக் கட்டினால் நுரையீரலில் தொற்று ஏற்பட்டுக் காய்ச்சல் வரலாம். மூன்று, நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை நிறுத்தி, கயிற்றைத் தளர்த்தி, தண்ணீர் காட்டுங்கள்.

ஓய்விலிருக்கும் குதிரைக்கு 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ், நிமிடத்துக்கு 28 முதல் 44 நாடித்துடிப்பு சரி. இன்றிலிருந்து காலை மாலை எழுதி வையுங்கள். ஈறை விரலால் அழுத்தி விட்டால் இரண்டு விநாடிக்குள் சிவப்புத் திரும்ப வேண்டும். இதை மகளுக்கே கற்றுக்கொடுங்கள்.

அந்தியூர் தம்பி:
நாங்கள் வருஷா வருஷம் ஆடித் திருவிழாவுக்கு அந்தியூர் சந்தைக்குக் குதிரை கொண்டுபோகிறவர்கள். ஊர்த் தண்ணீர் மாறினால் மோந்து பார்த்துவிட்டு விட்டுவிடும்ங்க அண்ணா. ஒரு வாரம் முன்பிருந்தே தண்ணீரில் கொஞ்சம் வெல்லம் கரைத்துக் கொடுங்கள். அப்புறம் எந்த ஊர்த் தண்ணீரிலும் அதே வெல்லத்தைப் போட்டால் வித்தியாசம் தெரியாது. முதல் நாளைக்கு வீட்டுத் தண்ணீரே இரண்டு கேன். தீனியும் வீட்டுப் புல்தான், அங்கே வாங்காதீர்கள்.

ஒன்று கேட்கிறேன். வீட்டில் மயிலி எதில் குடிக்கும்?

கோவை அப்பா:
லாயத்துக்கு வெளியே சிமென்ட் தொட்டி இருக்கிறது, அதில்தான். ஏன் தம்பி?

அந்தியூர் தம்பி:
அப்படியென்றால் அது வாளியிலேயே குடித்ததில்லையே அண்ணா!

கோவை அப்பா:
இதை எழுதும்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது. இப்போதுதான் சிவப்பு பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர் வைத்துப் பார்த்தேன். மூக்கை உள்ளே விட்டது, வாளியின் கம்பிப் பிடி சரிந்து தாடையில் 'டக்'கென்று அடித்தது, இரண்டடி பின்னால் போய்விட்டது. அப்புறம் கிட்டவே வரவில்லை. தண்ணீரைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

தடைதாண்டி:
பிடியைக் கழற்றி எறியுங்கள். இல்லாவிட்டால் அகலமான கறுப்பு ரப்பர் தொட்டி வாங்கி, சிமென்ட் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்து இப்போதே பழக்குங்கள். அதே தொட்டிதான் லாரியிலும் ஏற வேண்டும்.

பொள்ளாச்சி மாமா:
வயிறு வலிக்காமல் இருக்கக் கிளம்பும்போது சுக்குக் காபி கொடுக்கலாமே? எங்கள் தாத்தா வண்டிக் குதிரைக்குக் கொடுப்பார். காலுக்கு வலித் தைலமும் தேய்ப்பார்.

ஈரோடு கால்நடை மருத்துவர்:
மாமா, வண்டிக் குதிரைக்குச் சரி. போட்டிக் குதிரைக்குக் காபித்தூளில் உள்ள காஃபின் தடை, மிளகாய்ச் சத்து உள்ள தைலம் அதைவிட மோசம். 2008 ஒலிம்பிக்கில் குதிரைப் போட்டிகள் ஹாங்காங்கில் நடந்தன. அங்கே நான்கு குதிரைகளின் உடம்பில் மிளகாயின் காரச் சத்தான கேப்சைசின் இருந்தது தெரிந்து, நார்வே அணி வெண்கலத்தையே இழந்தது. உள்ளூர்ப் போட்டிதானே என்று நினைக்க வேண்டாம். எந்த மருந்தானாலும் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

கோவை அப்பா (24 நாள் கழித்து):
திரும்பி வந்துவிட்டோம். ரப்பர் தொட்டியில் முதல் நான்கு நாள் மோந்து பார்த்ததோடு சரி, ஐந்தாம் நாள் குடித்தது. லாரியில் கயிற்றை நீளமாக விட்டோம், மூன்று இடத்தில் நிறுத்தினோம். கிருஷ்ணகிரி தாண்டி ஒரு மரத்தடியில், இரவு இரண்டு மணிக்கு, மகள் டார்ச் அடிக்க மயிலி பாதித் தொட்டியைக் காலி செய்தது. குடிக்கும்போது காது முன்னும் பின்னும் ஆடுவதை அப்படியே பார்த்துக்கொண்டு நின்றோம். போய்ச் சேர்ந்ததும் 38.1 டிகிரி.

ஒரு கம்பம் விழுந்தது, 4 தவறுப் புள்ளி. பரிசு இல்லை. இவ்வளவு பட்டியல் போட்டும் மகளின் வெள்ளைச் சட்டையை மட்டும் வீட்டுக் கொடியிலேயே விட்டுவிட்டோம், பக்கத்து லாயத்துப் பிள்ளை ஒன்று கொடுத்து உதவியது. தோளில் இரண்டு இஞ்ச் பெரிது.

அந்தியூர் தம்பி:
சந்தோஷம்ங்க அண்ணா. அந்த ரப்பர் தொட்டி எத்தனை லிட்டர், எங்கே வாங்கினீர்கள்? எங்களுக்கும் இரண்டு வேண்டும்.

கோவை அப்பா:
40 லிட்டர் தம்பி. மாட்டுத்தீவனக் கடையில்தான் வாங்கினேன், ரப்பர் வாடை போக இரண்டு நாள் வெயிலில் வைத்துக் கழுவிவிடுங்கள்.