ஜி.சி.எஸ்.இ. ஓவியம்: கடைசிப் படத்துக்கு 24-ஆ, 18-ஆ?

தூரிகை:
"ஜி.சி.எஸ்.இ. (இங்கிலாந்தில் 16 வயதில் எழுதும் பொதுத் தேர்வு) ஓவியத்தில் ஸ்கெட்ச் புக் சும்மா ஒப்புக்குத்தான், பத்து மணி நேரப் பரீட்சையில் கடைசிப் படம் அச்சு அசலாக இருந்தால் உச்ச கிரேடான 9 நிச்சயம்" என்று குரோய்டன் அப்பா நேற்று எழுதியிருந்தார். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. இந்த நினைப்பில்தான் என் மகனும் கெட்டான். தாத்தா முகத்தை போட்டோ போலவே வரைந்தான். வந்தது 5. கடைசிப் படத்துக்கு 24 மதிப்பெண்தான் சார். மீதி 72-ம் ஸ்கெட்ச் புக்கில் இருக்கிறது.

குரோய்டன் அப்பா:
24 என்று யார் சொன்னது? 18. மொத்தமே 72 புள்ளிதான், நீங்கள் மீதி 72 என்கிறீர்கள்! மகளின் பாடசாலை தந்த புள்ளி விபரம் என் கையில் இருக்கிறது. அவள் எடுத்தது 9. உங்கள் மகன் எடுத்தது 5. யார் பேச்சைக் கேட்பது என்று பெற்றோரே முடிவு செய்யட்டும்.

வேம்பு:
இரண்டு பேரும் சரிதான். ஏ.க்யூ.ஏ. தேர்வு போர்டில் ஒவ்வொரு பகுதியும் (போர்ட்ஃபோலியோ என்கிற வேலைத் தொகுப்பு ஒன்று, பரீட்சை ஒன்று) 96-க்கு, எடெக்செல் போர்டில் 72-க்கு. மதிப்பெண் போட நான்கு நோக்கங்கள், நான்குக்கும் சம பங்கு: அங்கே 24, இங்கே 18. ஆனால் நான்காவது நோக்கம் (தன் எண்ணத்தை முடித்துக் காட்டுவது) என்பது கடைசிப் படம் மட்டும் இல்லை. மொத்த வேலையையும் சேர்த்துப் பார்த்துத்தான் நான்குக்கும் போடுகிறார்கள். முதலில் அதைப் பேசுவோமே.

தூரிகை:
போர்டு எதுவாகவும் இருக்கட்டும். நான் சொன்ன 24-ஐ அவர் இல்லை என்றார், அது இருக்கிறது. மொத்தத்தில் 60 சதவீதம் போர்ட்ஃபோலியோ. ஜனவரியில் கொடுக்கும் வினாத்தாளுக்கு 40 தான், அந்தப் பத்து மணி நேரமும் இதற்குள் அடக்கம்.

மகன் ஓவியர் வான்கோவின் வாழ்க்கை வரலாற்றை ஒரு பக்கம் எழுதி ஒட்டினான். ஒன்றுக்கும் உதவவில்லை. மகள் முறை வந்தபோது நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். 1888-இல் பிரான்சின் ஆர்ல் ஊரில் வான்கோ நாணல் பேனாவால் போட்ட சின்னச் சின்னக் கோடுகளை மட்டும் பார்க்கச் சொன்னேன். தூட்டிங் கடையில் வாங்கிய பாகற்காயை எதிரே வைத்து, மூங்கில் குச்சியை மையில் தொட்டு அதே மாதிரிக் கோடு போட்டுப் பார்த்தாள். அப்புறம் கரித்துண்டு, அப்புறம் லினோ அச்சு (லினோ தகட்டைச் செதுக்கி மை தடவி எடுப்பது). ஒரு தாளில் மை கொட்டிவிட்டது. கிழிக்கப் போனாள். கிழிக்காதே, ஒட்டு, ஏன் கெட்டது, அடுத்து என்ன மாற்றப் போகிறாய் என்று பக்கத்திலேயே எழுது என்றேன். ஆசிரியை மெச்சியது அந்தப் பக்கத்தைத்தான். மாதிரித் தேர்வில் 5 வாங்கியவள் முடிவில் 8. கடைசிப் படம் சுமார்தான். ஏனென்றால் அதற்கு 24.

குரோய்டன் அப்பா:
18.
பாகற்காய்க் கதை நான் கேட்கவில்லை. வரையத் தெரியாத பிள்ளைக்குக் குறிப்பு எழுதிப் புள்ளி வாங்கக் கற்றுக்கொடுப்பதா சித்திரம்?

ஹாரோ நிலா:
புள்ளி புள்ளி என்கிறீர்களே, மதிப்பெண் என்று எழுதினால் எல்லாருக்கும் புரியும்.

குரோய்டன் அப்பா:
யாழ்ப்பாணத்தில் நாங்கள் புள்ளி என்றுதான் படித்தோம், புள்ளி என்றுதான் எழுதுவேன். தமிழ் உங்களுக்கு மட்டும் சொந்தமில்லை.

ஹாரோ நிலா:
நான் அப்படிச் சொல்லவே இல்லை. அது போகட்டும், ஓவியம் எதற்கு? என் பையனை கம்ப்யூட்டர் சயன்ஸ் எடுக்க வைத்தேன்.

குரோய்டன் அப்பா:
கட்டடக்கலைக்குப் போனால் போர்ட்ஃபோலியோ கேட்பார்கள். அப்போது தெரியும்.

தூரிகை:
பார்த்தீர்களா, இப்போது அவரே போர்ட்ஃபோலியோ என்கிறார்!

குரோய்டன் அப்பா:
அக்கா, போன வருடம் கணக்கு டியூஷன் விஷயத்திலும் இப்படித்தான் எல்லாருக்கும் வாத்தியார் ஆனீர்கள். அதை நான் மறக்கவில்லை.

தூரிகை:
அன்றைக்கும் நான் சொன்னதுதான் சரி. இன்றைக்கும் 24.

நெய்தல்:
மன்னிக்கவும், மகளுக்கு வரும் செவ்வாய்க்கிழமை பத்து மணி நேரம் தொடங்குகிறது. ஸ்கெட்ச் புக்கில் மூன்று பக்கம் பாக்கி. பரீட்சை நாட்களுக்கு நடுவே வீட்டில் முடிக்கலாமா?

வேம்பு:
கூடாது. முதல் அமர்வு தொடங்கிவிட்டால் ஆயத்த வேலையில் எதையும் சேர்க்க முடியாது. திங்கள் இரவுக்குள் முடியுங்கள்.

குரோய்டன் அப்பா:
மூன்று பக்கத்தை விடுங்கள் தங்கச்சி. பிள்ளை நன்றாகத் தூங்கிப் போய்ப் படத்தை வரையட்டும்.

தூரிகை:
விடாதீர்கள்! சொந்தமாக எடுத்த போட்டோவைப் பார்த்து ஒரு பக்கம், அதையே கரி, மை மாதிரி வேறு இரண்டு வரைபொருளில் இரண்டு பக்கம். திங்கட்கிழமை லீவு போட்டாவது பக்கத்தில் உட்காருங்கள். படத்துக்கு 24 தான்.

குரோய்டன் அப்பா:
18.